கடல் கடந்த பாடம் அங்கன்வாடியை எட்டுமா?

மைசூரு: காவிரியும் கபினியும் கூடும் இடத்தில் அமைந்த ஊர் திருமகூடலு நரசிபுரா. மைசூரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ளது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டபோது, கர்நாடகத்தில் அதற்குத் தேர்வு செய்யப்பட்ட வட்டாரம் இதுதான். 100 அங்கன்வாடி மையங்களுடன் அங்கு பணி தொடங்கியது.

அதற்கு 12 ஆண்டுகள் முன்பே, 1963-இல், மைசூரு நகரில் மண்டலக் கல்வியியல் கல்லூரி நிறுவப்பட்டிருந்தது. தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி கவுன்சிலின் (என்சிஇஆர்டி) கீழ் ஆஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூரு ஆகிய நான்கு ஊர்களில் அமைக்கப்பட்ட இக்கல்லூரிகளுக்கு, அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகம் துணை நின்றது. அங்கிருந்து வல்லுநர்கள் வந்தனர். இங்கிருந்து பேராசிரியர்கள் அங்கு சென்று பயின்று திரும்பினர்.

கடல் கடந்து மைசூரு வரை வந்து சேர்ந்த வகுப்பறை அறிவு, எஞ்சிய 30 கி.மீ. தொலைவைக் கடந்து அங்கன்வாடிப் பாயில் அமர்ந்திருக்கும் மூன்று வயதுக் குழந்தையைச் சென்றடைந்ததா? ஆசிரியர்களை வெளிநாடு அனுப்பிப் பயிற்றுவிப்பது குறித்துத் தலைநகர் தில்லியில் சில ஆண்டுகளுக்கு முன் எழுந்த சர்ச்சையின் அடியிலும் இருந்தது இதே கேள்விதான்.

ஃபின்லாந்து சர்ச்சை

தில்லி அரசுப் பள்ளிகளின் தொடக்கநிலைப் பொறுப்பாசிரியர்களை ஃபின்லாந்து நாட்டின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்ப அன்றைய ஆம் ஆத்மி அரசு திட்டமிட்டது. இப்பயணத்தால் ஆகும் செலவுக்கு ஏற்ற பலன் உண்டா, இத்தகைய பயிற்சியை இந்தியாவிலேயே அளிக்க இயலாதா என்று துணைநிலை ஆளுநர் வி.கே. சக்ஸேனா வினவினார். 2023 ஜனவரியில் இது வீதிக்கு வந்தது. முதல்வர் உள்ளிட்டோர் துணைநிலை ஆளுநர் மாளிகையை நோக்கிப் பேரணி சென்றனர். அதே ஆண்டு மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது. 29 கல்வி மண்டலங்களிலிருந்தும் தலா மூவர் என 87 பேரை அனுப்பலாம் என்று துணைநிலை ஆளுநர் எண்ணிக்கையை உயர்த்தினார்.

பின்னர் பஞ்சாப் அரசு, 2024 அக்டோபரில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 72 பேரை ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அதே மாதத்தில், தமிழ்நாட்டில் "கனவு ஆசிரியர்' விருது பெற்ற ஆசிரியர்கள் பிரான்ஸ் நாட்டுக்குக் கல்விச் சுற்றுலா சென்று வந்தனர்.

இப்பயணங்கள் அனைத்துக்கும் பொதுவான கூறு ஒன்றுண்டு. சென்றவர்கள் அனைவரும் ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள். பல ஆண்டுகள் கற்பித்து, தமக்கென ஒரு வழக்கத்தை உருவாக்கிக் கொண்டவர்கள். இனிமேல்தான் ஆசிரியராகப் போகிற, வகுப்பறை குறித்த எண்ணங்கள் இன்னும் உருப்பெற்றுக் கொண்டிருக்கிற பயிற்சி மாணவ, மாணவியருக்கு அத்தகைய வாய்ப்பு அரிது. அவர்களிலும் மழலையர் கல்வியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மிக அரிது. ஃபுல்பிரைட் உதவித்தொகையின் கீழ் ஆறு வாரக் கற்பித்தல் மேம்பாட்டுப் பயிற்சி உருவாக்கப்பட்டதுகூட நடுநிலை, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்காகத்தான். மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் ஆசிரியை அந்தக் கணக்கில் இல்லை.

கண்ணில் படுவதும் கருத்தில் படுவதும்

அயல்நாட்டு வகுப்பறைக்குள் நுழையும் இந்தியப் பயிற்சி ஆசிரியை எதைக் காண்பார்? முதலில் பொருள்களைத்தான். ஃபின்லாந்தின் மழலையர் பள்ளி வாசலில் வரிசையாகக் காயும் மழைக் காலணிகள், குழந்தையின் உயரத்துக்கேற்ற அலமாரிகள், பனியிலும் மழையிலும் வெளியில் விளையாடும் சிறுவர்கள். அடுத்து எண்ணிக்கை. அந்நாட்டில் மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏழு பேருக்கு ஒரு பணியாளர் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கிலாந்தில் தகுதி பெற்ற ஆசிரியர் உள்ள வகுப்பில் 13 குழந்தைகளுக்கு ஒருவர். இந்தியாவில், 2013-ஆம் ஆண்டின் முன்பருவக் கல்விக் கொள்கையை ஒட்டி வகுக்கப்பட்ட தர அளவுகளின்படி 20 குழந்தைகளுக்கு ஒருவர். ஆனால் அங்கன்வாடிப் பணியாளர் கற்பிப்பதோடு நின்றுவிட முடியாது. சத்துணவு, எடைப் பதிவு, தடுப்பூசி நினைவூட்டல், வீட்டுப் பார்வை, கைப்பேசியில் தகவல் பதிவு என அவருடைய ஒரு நாள் பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது.

இதோடு நின்றுவிடும் பயணம் ஏக்கத்தையே மிச்சமாக்கும். "அவர்களிடம் எல்லாம் இருக்கிறது, நம்மிடம் இல்லை' என்ற முடிவுக்கு வர விமானம் ஏற வேண்டியதில்லை, ஒரு படப் புத்தகமே போதும்.

சற்று நீண்ட காலம் தங்குபவருக்கு வேறொன்று புலப்படத் தொடங்கும். அது ஆசிரியரின் நடத்தை. ஃபின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளிப் படிப்பு தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஓராண்டு முன்பள்ளி 2015-ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. அங்குகூட எழுத்தை வரிசையாகச் சொல்லிக் கொடுத்து எழுத வைப்பது முதன்மையான வேலையன்று. மழலையர் ஆசிரியைக்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவை. அத்தனை படித்தவர் தரையில் அமர்ந்து, குழந்தை அடுக்கும் கட்டைகள் சரிவதைப் பார்த்துக்கொண்டு, உடனே கை நீட்டி உதவாமல் இருக்கிறார். அந்தப் பொறுமை சோம்பல் அன்று, பயிற்சியின் விளைவு என்று உணர்வதற்குச் சில வாரங்களேனும் ஆகும்.

இத்தாலியின் வடபகுதியில் உள்ள ரெஜியோ எமிலியா நகரின் மழலையர் பள்ளிகளைக் காண உலகெங்கிலுமிருந்து ஆசிரியர்கள் செல்கின்றனர். 1945-இல் போர் முடிந்ததும், விட்டுச் செல்லப்பட்ட பீரங்கி வண்டி, சரக்கு வாகனங்கள், குதிரைகள் ஆகியவற்றை விற்ற பணத்தில் அந்நகரையொட்டிய சிற்றூர் மக்கள் தாங்களே பள்ளி கட்டினர். அதைக் கேள்விப்பட்டு மிதிவண்டியில் பார்க்கச் சென்ற லோரிஸ் மாலகுஸி என்ற இளம் ஆசிரியர், பின்னாளில் அப்பள்ளிகளின் வழிகாட்டியானார். அங்கு செல்பவர்கள் ஒளிமேசைகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் படமெடுத்து வருகின்றனர். ஆனால் அப்பள்ளிகளின் உயிர்நாடி வேறு: குழந்தை சொல்வதை ஆசிரியர் குறித்து வைக்கிறார், சக ஆசிரியருடன் அமர்ந்து அதைப் படித்து, அக்குழந்தை எதைச் சிந்திக்கிறது என்று விவாதிக்கிறார். அதற்கு ஒளிமேசை தேவையில்லை. ஒரு குறிப்பேடும், கேட்கும் காதும், வாரம் ஒரு மணி நேரமும் போதும்.

அயல்நாட்டுப் படிப்பு தரும் பயன் இந்த மூன்றாம் நிலையில்தான் தொடங்குகிறது. பொருளிலிருந்து ஆசிரியரின் நடத்தைக்கும், நடத்தையிலிருந்து "குழந்தை என்பது யார்' என்ற எண்ணத்துக்கும் பார்வை நகர வேண்டும். அவ்வாறு நகர்ந்தபின் பயிற்சி மாணவி தன் ஊர் வகுப்பறையைப் பார்த்தால், நேற்று வரை இயல்பாகத் தோன்றியவை கேள்வியாகத் தெரியும். நான்கு வயதுக் குழந்தை ஏன் கை கட்டி, வாய் மூடி அமர வேண்டும்? தவறாகச் சொன்ன விடையை ஏன் உடனே அழிக்க வேண்டும்?

மைசூரில் நின்றதும் நில்லாததும்

வெளிநாட்டிலிருந்து வரும் வகுப்பறைக் கருத்துகளில் எது வேர் பிடிக்கும், எது உதிரும் என்பதற்கு மைசூரே சான்று.

ஓஹியோ துணையுடன் உருவான மண்டலக் கல்லூரிகளின் முதன்மை நோக்கம், அன்று நாடெங்கும் பரவும் என்று எதிர்பார்க்கப்பட்ட பல்நோக்கு உயர்நிலைப் பள்ளிகளுக்கு வேளாண்மை, வணிகவியல், தொழில்நுட்பம், அறிவியல் ஆசிரியர்களை உருவாக்குவது. பல்நோக்குப் பள்ளி என்ற கருத்தே இந்தியாவில் நிலைபெறவில்லை. எனவே, அதற்கென வடிவமைத்த தொழில்நுட்பப் பிரிவுகளும் காலப்போக்கில் மூடப்பட்டன.

ஆனால், பாடமும் கற்பித்தல் பயிற்சியும் இணைந்த நான்காண்டுப் பட்டப் படிப்பு நின்றது. கல்லூரி வளாகத்திலேயே செயல்விளக்கப் பள்ளி ஒன்று இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு நின்றது. இரண்டொரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டி மதிப்பெண் பெறுவதற்குப் பதிலாக, பயிற்சி மாணவர்கள் ஒரு பள்ளியில் வாரக்கணக்கில் தங்கி ஆசிரியராகவே இயங்க வேண்டும் என்ற உறைவிடக் கற்பித்தல் பயிற்சியும் நின்றது. கர்நாடகம், தமிழகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய பகுதிகளுக்கான இந்நிறுவனத்தில் தமிழக மாணவர்கள் பல தலைமுறைகளாகப் பயின்று வருகின்றனர். அது இன்று மண்டலக் கல்வி நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது. 2023-24 கல்வியாண்டில் 57 நிறுவனங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிய ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டத்துக்கு 60 ஆண்டுகள் முன்பே இந்நான்கு கல்லூரிகள் முன்னோடியாக இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

உதிர்ந்தது அமெரிக்கப் பள்ளியின் வடிவம். நின்றது ஆசிரியர் உருவாகும் முறை. பிற்காலத்தில் மழலையர் கல்விக்குப் பயணம் போகிறவர்களுக்கும் பொருந்தும் பாடம் இது.

மானசகங்கோத்ரியை அடுத்துள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மற்றொரு சான்று. 1969-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தைத் தமிழர்கள் நன்கறிவர். செம்மொழித் தமிழாய்வு மையம் சென்னைக்கு மாறுமுன் இங்குதான் இயங்கியது. இதன் முதல் இயக்குநர் தேவிபிரசன்ன பட்நாயக் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முனைவர் பட்டம் பெற்றவர். ஒருமொழி நாடுகளின் பார்வையில் பல மொழிகள் ஒரு சுமை. ஆனால் அங்கு படித்துத் திரும்பிய பட்நாயக் அதற்கு நேர்மாறாக வாதிட்டார். பல மொழிகள் புழங்கும் சமூகத்தில் அப்பன்மையே இயல்பு; குழந்தையின் கல்வி அதன் தாய்மொழியில் தொடங்கி மெல்ல மற்ற மொழிகளுக்கு நகர வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. பழங்குடிக் குழந்தைகளுக்கான இருமொழிக் கல்வி முறை குறித்து அந்நிறுவனம் மேற்கொண்ட பணிகள் இதன் விளைவே. அயல்நாட்டுப் படிப்பு அவருக்கு ஆய்வுக் கருவியைத் தந்தது, விடையைத் தரவில்லை.

மூன்றாவது சான்று, 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இயங்கிய பேச்சுச் சிகிச்சை நிறுவனம் ஒன்றின் இயக்குநர் மார்ட்டின் பால்மரின் பரிந்துரை இதற்கு அடிப்படை. செவித்திறன் குறைந்த மழலையர்க்கான ஆசிரியர் பயிற்சியும் இங்கு அளிக்கப்படுகிறது. இங்குள்ள முன்பள்ளியில் குழந்தையோடு பெற்றோரும் பயிற்சி பெறுகின்றனர். ஊர் திரும்பியபின் சிறப்பு ஆசிரியர் கிடைக்காத கிராமத்தில் தாயே ஆசிரியையாக வேண்டும் என்ற இந்திய நிலைமையை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது.

எதிர்த்திசைப் பயணம்

அயல்நாட்டுக் கல்வி என்றாலே நாம் மேலைநாடு செல்வதாகத்தான் நினைக்கிறோம். கற்பிக்க வந்தவர் இங்கே கற்றுக்கொண்டு சென்றதும் உண்டு.

மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னை வந்தார். பிரம்ம ஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பில் அடையாறில் நடைபெற்ற முதல் பயிற்சி வகுப்பில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து சுமார் 300 பேர் பங்கேற்றனர். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் எதிரி நாட்டவரானார். மகன் மரியோ சிறை முகாமில் அடைக்கப்பட்டார். மாண்டிசோரியின் 70-ஆவது பிறந்த நாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். சில மாதங்கள் தங்க வந்தவர் 1946 வரை இங்கேயே இருக்க நேர்ந்தது. கொடைக்கானலில் கழித்த ஆண்டுகளில், பல்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் கற்பதையும், கைக்குழந்தைப் பருவத்தையும், இயற்கையுடன் இணைந்த கல்வியையும் அவர் நெருக்கமாக ஆராய்ந்தார். கைக்குழந்தைப் பருவத்தின் கற்கும் ஆற்றல் குறித்த அவருடைய புகழ்பெற்ற நூல் இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து பிறந்தது. 1949-இல் அடையாறில் வெளியாயிற்று. ஆசிரியர்களின் ஆசிரியருக்கே அயல்நாட்டு வாழ்க்கை புதிய பாடமாக அமைந்தது.

இன்றும் மேலைநாட்டுப் பயிற்சி ஆசிரியர்கள் பிற நாட்டு வகுப்பறைகளில் பயிற்சி பெறுகின்றனர். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் 1970-களிலிருந்தே தன் ஆசிரியர் பயிற்சி மாணவர்களைப் பிற நாடுகளின் பள்ளிகளுக்கு அனுப்பி வருகிறது. அவர்கள் சென்ற நாடுகளில் இந்தியாவும் ஒன்று. முதலில் சொந்த மாநிலத்தில் கற்பித்தல் பயிற்சி, பின்னரே வெளிநாடு, புறப்படுமுன் அந்நாட்டைப் பற்றிய ஆயத்தப் படிப்பு, அங்கு உள்ளூர்க் குடும்பத்துடன் தங்கல், இறுதியில் எழுத்து வழியான சிந்தனை. இதுவே அத்திட்டத்தின் ஒழுங்கு.

இந்திய வகுப்பறையில் முதன்முறை அமரும் அமெரிக்க மாணவிக்கு, 40 குழந்தைகள் ஒரே குரலில் பாடலைச் சொல்வது வெறும் மனப்பாடமாகத் தோன்றலாம். சில வாரம் கழித்து, அந்தக் கூட்டுக்குரலில் தயங்கும் குழந்தையும் துணிந்து வாய் திறப்பது தெரியவரும். பெரிய பிள்ளை சிறிய பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைப்பதும், ஆசிரியை ஒரு குழந்தையைத் தன் பிள்ளை போல் மடியில் வைத்துக்கொண்டே மற்றவர்க்குக் கதை சொல்வதும் கண்ணில் படும். குறை எது, வேறுபாடு எது என்று பிரித்தறியும் திறன் அப்போதுதான் வரும்.

கல்வியுலகமே இந்தப் பாடத்தைத் தாமதமாகக் கற்றது. குழந்தையின் வளர்ச்சிக்கேற்ற கற்பித்தல் எது என்று அமெரிக்க மழலையர் கல்வியாளர் சங்கம் 1987-இல் வழிகாட்டி வெளியிட்டது. அது ஒரே பண்பாட்டின் குழந்தையை உலகக் குழந்தையாகக் கருதுகிறது என்ற விமர்சனம் எழுந்தது. எனவே 1997-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், குழந்தை வளரும் சமூக, பண்பாட்டுச் சூழலும் ஆசிரியர் அறிய வேண்டிய ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அதற்கிடையே 1989-இல் ஜோசஃப் டோபின் குழுவினர் ஜப்பான், சீனா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் மழலையர் பள்ளிகளைப் படமெடுத்து, ஒரு நாட்டின் படத்தை மற்ற நாட்டு ஆசிரியர்களுக்குக் காட்டி நூல் எழுதினர. குறும்பு செய்யும் சிறுவனை ஜப்பானிய ஆசிரியை தடுக்காமல் விட்டது அமெரிக்கர்களுக்கு வியப்பளித்தது. சண்டையைக் குழந்தைகளே தீர்த்துக்கொள்ளக் கற்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம் என்பது பின்னரே புரிந்தது. தில்லி மழலையர் பள்ளிகளை ஆராய்ந்து அமிதா குப்தா 2006-இல் வெளியிட்ட நூலும், இந்திய ஆசிரியைகள் தம் பண்பாட்டு விழுமியங்களையும் மேலைநாட்டுக் கல்விக் கோட்பாடுகளையும் எவ்வாறு இணைத்து நடத்துகின்றனர் என்பதை எடுத்துக்காட்டியது.

இதைக் கொண்டு நெரிசலான வகுப்பறையை நியாயப்படுத்திவிடக் கூடாது. இடமின்மையும் ஆளின்மையும் பண்பாடு ஆகா. கழிப்பறை இல்லாத அங்கன்வாடி எந்தப் பண்பாட்டிலும் குறைதான். எதை மாற்ற வேண்டும், எதைக் காக்க வேண்டும் என்று தேர்ந்தறிவதே கேள்வி.

திரும்பி வந்த பின்

பயணத்தின் உண்மையான தேர்வு ஊர் திரும்பிய மறுநாள் தொடங்குகிறது. "விளையாட்டின் வழியே கல்வி' என்று கற்று வந்த இளம் ஆசிரியையிடம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளைக்கு ஏ, பி, சி, டி எப்போது எழுத வரும்?' என்பதுதான். எல்.கே.ஜி. குழந்தைக்கு வீட்டுப்பாடம் இல்லையென்றால் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிவிடுவர் என்ற அச்சம் நிர்வாகத்துக்கு. பெற்றோரையும் குறை கூற இயலாது. எழுத்தறிவே வறுமையிலிருந்து வெளியேறும் வாசல் என்பதை வாழ்ந்து அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் புரியும் சொற்களில், விளையாட்டில் எண்ணும் எழுத்தும் எவ்வாறு ஒளிந்துள்ளன என்று எடுத்துரைக்கத் தெரியாவிட்டால், ஓராண்டுக்குள் அந்த ஆசிரியை பழைய தடத்துக்கே திரும்பிவிடுவார்.

கற்று வந்ததை உள்ளூர் மண்ணில் ஊன்றியவர்கள் இருக்கின்றனர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, தில்லி லேடி இர்வின் கல்லூரியின் இயக்குநராகப் பணியாற்றிய எஸ். ஆனந்தலட்சுமி, வாராணசி நெசவாளர் குடும்பங்களில் குழந்தைகள் எவ்வாறு வளர்ந்து தொழில் கற்கின்றனர் என்று ஆராய்ந்தார். மேலைநாட்டு உளவியலின் அளவுகோலைத் தறிக்கருகே கொண்டு சென்று சோதித்தவர் அவர். பின்னர் தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் அறிமுகமான செயல்வழிக் கற்றல் முறையை ஆராய்ந்து 2007-இல் அறிக்கை அளித்தவரும் அவரே.

அச்செயல்வழிக் கற்றலின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்குமுன், ஆசிரியர்கள் பயிற்சிக்குச் சென்றது கடல் கடந்தன்று. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலிக்குத்தான். அங்குள்ள கிராமப் பள்ளிகளில் கற்றல் அட்டைகளைக் கொண்டு குழந்தைகள் தத்தம் வேகத்தில் படிப்பதைக் கண்டு திரும்பினர். சில ஆண்டுகளில் அம்முறை தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஆயிரக்கணக்கான வகுப்பறைகளில் ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிக் குழந்தைகளோடு தரையில் அமர்ந்தார். அதன் நிறைகுறைகள் குறித்துக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும், வேறொரு வகுப்பறையில் அமர்ந்து பார்ப்பது ஆசிரியரை எவ்வளவு மாற்றும் என்பதற்கு, ஒரு பேருந்துப் பயணத்தின் தொலைவில் நிகழ்ந்த அம்மாற்றமே சான்று.

அங்கன்வாடி வாசலில்

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று முதல் எட்டு வயது வரையிலான ஐந்தாண்டுகளை அடித்தளப் பருவம் என்று வகுத்தது. அதற்கான கலைத்திட்ட வரைவு 2022 அக்டோபரில் வெளியிடப்பட்டது. விளையாட்டுப் பொருள்களும் கதைகளும் புதிர்களும் அடங்கிய "ஜாதுயி பிடாரா' எனும் மாயப் பெட்டி 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு முன்பருவக் கல்விப் பயிற்சி அளிக்கும் மத்திய அரசின் "போஷண் பீ, படாயி பீ' திட்டம் அதே ஆண்டு மே மாதம் தொடங்கியது. கர்நாடக அரசு 2024 ஜூலையில் பெங்களூரில் 250 அங்கன்வாடிகளை "அரசு மாண்டிசோரி' என்ற பெயரில் மேம்படுத்தியது. தமிழக அரசு 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. அங்கு மாற்றப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள், தாங்கள் பெற்ற பயிற்சி இவ்வயதுக் குழந்தைகளுக்கானது அன்று என்று எதிர்ப்புத் தெரிவித்ததை மறந்துவிட இயலாது.

பெட்டியும் பெயர்ப் பலகையும் வந்துவிட்டன. அப்பெட்டியைத் திறப்பவருக்கு என்ன கிடைத்தது? பிளஸ் 2 முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் குறைந்த தகுதியுடையோருக்கு ஓராண்டுப் பட்டயம் என்கிறது கல்விக் கொள்கை. நாட்டிலுள்ள சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகளின் பணியாளர்களுக்கு ஃபின்லாந்து விமானச் சீட்டு எந்நாளும் கிடைக்கப் போவதில்லை. எனவே அங்கு சென்று வருகிறவர் தமக்காக மட்டும் சென்று வருகிறவர் ஆகார்; சென்று வர இயலாதவர்களின் கண்ணாகவும் அவர் இருந்தாக வேண்டும்.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. வெளிநாடு செல்லும் பயிற்சி மாணவி, புறப்படுமுன் ஒரு மாதமேனும் அங்கன்வாடியில் பணியாற்ற வேண்டும். தன் ஊர் வகுப்பறையை அறியாதவருக்கு அயலூர் வகுப்பறையில் ஒப்பிட ஏதுமிராது. பத்து நாள் சுற்றுலாவுக்குப் பதில் ஒரு பருவமேனும் தங்க வேண்டும். திரும்பியபின் ஓர் அங்கன்வாடிப் பணியாளருடன் இணைந்து ஓராண்டு பணியாற்றுவது உதவித்தொகையின் நிபந்தனையாக இருக்கலாம். அவ்வோராண்டில் கற்பிப்பவர் ஒருவர், கற்பவர் ஒருவர் என்ற நிலை இருக்காது. அழும் குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கி ஐந்து நிமிடத்தில் சிரிக்க வைக்கும் கலையை எந்தப் பல்கலைக்கழகத்தையும்விட 20 ஆண்டுகள் பணியாற்றிய அங்கன்வாடிப் பணியாளர் நன்கறிவார். வெளிநாட்டுப் பயிற்சி மாணவர்கள் இங்கு வரும்போது அவர்களை விருந்தினராக மட்டும் அமர்த்தாமல், அவர்கள் கண்டதை நம் பயிற்சி மாணவர்களோடு விவாதிக்கச் செய்யலாம். அயலார் கேட்கும் கேள்வி நமக்கும் ஒரு வெளிநாட்டுப் பயணமே. செலவு மட்டும் இல்லை.

மைசூரிலிருந்து பெங்களூரு செல்லும் வழியில் சென்னபட்டணம் இருக்கிறது. அதன் மரப் பொம்மைகள் உலகப் புகழ் பெற்றவை. திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார் என்றும், பிற்காலத்தில் பாவாஸ் மியான் என்பவர் ஜப்பானியத் தொழில்நுட்பத்தை அறிமுகப்படுத்தினார் என்றும் அவ்வூர் வரலாறு கூறப்படுகிறது. நுட்பம் கடல் கடந்து வந்தது. மரம் மட்டும் உள்ளூர் மரமே. கன்னடத்தில் "ஆலே' என்றும் தமிழில் வெட்பாலை என்றும் வழங்கும், சுற்றுவட்டாரத்தில் வளரும் மென்மரம் அது. அதனால்தான் அப்பொம்மை பாரசீகப் பொம்மையாகவோ ஜப்பானியப் பொம்மையாகவோ இல்லாமல் சென்னபட்டணப் பொம்மையாக இருக்கிறது.

அயல்நாட்டில் கற்று வரும் மழலையர் ஆசிரியையும் அவ்வாறே தம் ஊர்க் குழந்தையை அறிந்து, அதன் மொழியில், அதன் திண்ணையில் அமர்ந்து, கற்றதை மீண்டும் கடைந்தெடுத்தாக வேண்டும். அப்போதுதான் ஓஹியோவிலிருந்தும் ஃபின்லாந்திலிருந்தும் மைசூரு வரை வந்து நிற்கும் பாடம், எஞ்சிய 30 கி.மீ. தொலைவையும் கடந்து நரசிபுராவின் அங்கன்வாடியைச் சென்றடையும்.